கரிசல் மண்ணில் ஒரு மாற்று அறிவியல்: ஜே. சி. குமரப்பாவும் மதுரைச் சீமையும்

தோற்றுவாய்

பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாட வந்த குடபுலவியனார் அவனுடைய வெற்றிச் சிறப்பைப் புகழ்வதோடு அமையவில்லை. மறுமைச் செல்வம், உலகாளும் வலிமை, நிலைத்த புகழ் ஆகிய மூன்றில் எதனை அவன் விரும்பினும் அதற்குரிய வழி ஒன்றே என்றார். நிலம் பள்ளமாக உள்ள இடந்தோறும் நீரைத் தேக்குவதே அவ்வழி என்று முடித்தார். உடம்பு உணவினால் ஆவது, உணவு நிலமும் நீரும் கூடிய இடத்தில் பிறப்பது என்பது அவர் காட்டும் காரணத் தொடர். புறநானூற்றின் 18ஆம் பாட்டாக இன்று நம் கையில் உள்ள இச்செய்யுளில் இயற்கையறிவும் பொருளியலும் மறுமை நாட்டமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாமல் நிற்கின்றன. இவை மூன்றும் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு அறிஞர்களுக்கு உரியவை என்னும் எண்ணம் மிகப் பிற்காலத்தது.

அப்பாண்டியன் ஆண்ட நாட்டின் தென்மேற்குப் பகுதியில், கரிசல் மண்ணும் மானாவாரிப் பயிரும் கண்மாய்களும் பனைகளும் விரவிக் கிடக்கும் தே. கல்லுப்பட்டியில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒருவர் வாழ்ந்தார். மூன்றையும் மீண்டும் ஒன்றாகச் சிந்தித்தவர் அவர். ஜோசப் செல்லத்துரை குமரப்பா என்னும் அவரைக் ‘காந்தியப் பொருளியலறிஞர்’ என்ற ஒரு தொடரால் குறித்துவிட்டு மேலே செல்வது தமிழுலகின் வழக்கமாகிவிட்டது. அவர் எழுப்பிய அடிப்படை வினா பொருளியலைக் கடந்தது: அறிவியல் என்பது யாது? அது யாருக்காக? அதனை அளக்கும் கோல் எது? இவ்வினாக்கள் எவ்வாறு தோன்றின, மதுரைச் சீமையில் அவற்றுக்குக் கிடைத்த விடைகள் யாவை, அவை எங்கே தடைப்பட்டன என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கறிஞர் கண்ட வறுமை

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்கியல் பயின்று பட்டயக் கணக்கறிஞராகிப் பம்பாயில் தொழில் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு நடை, ஆங்கிலப் பேரரசின் நன்மையில் ஐயமற்ற நம்பிக்கை ஆகியவற்றோடு வாழ்ந்த இளமை அவருடையது. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, முதலில் சிராகியூஸ் பல்கலைக்கழகத்திலும் பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி அவர் அங்கு ஆற்றிய உரையொன்று செய்தித்தாளில் வெளியானது. அதனைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு பணித்தார். அரசின் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டிய கணக்கறிஞருக்கு, நாட்டின் வறுமை விதியின் விளைவன்று, திட்டமிட்ட நிதியாட்சியின் விளைவே என்பது புலனாயிற்று. கணக்கேடே அவருடைய நாட்டுப்பற்றின் முதல் நூலாயிற்று என்று கூறின் அது மிகையன்று.

இவ்வாய்வை வெளியிடும் முயற்சியே அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில், சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரே காந்தியடிகள் என்று உணர்ந்ததும், தம் மேனாட்டு உடையோடு அம்மண்தரையிலேயே அமர்ந்தார் குமரப்பா. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னர், 1921 செப்டம்பரில், மதுரை நகரில்தான் காந்தியடிகள் மேலாடை துறந்து அரையாடை மேற்கொண்டார். ஏழையின் உடையைத் தம் உடையாக்கிக்கொள்ளும் துணிவை மதுரை அவருக்கு அளித்தது. அவ்வுடைக்குப் பின்னுள்ள பொருளியலை எழுதிய தமிழர் இறுதியில் மதுரைச் சீமையையே தம் உறைவிடமாக்கிக்கொண்டார்.

அகமதாபாத் திரும்பிய குமரப்பாவிடம் காந்தியடிகள் ஒப்படைத்த முதற்பணி, குசராத்தின் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் பொருளியல் ஆய்வு. குசராத் வித்தியாபீட மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், கால்நடை, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். ஒரு நாட்டின் நிலையைத் தலைநகரத்துப் புள்ளிவிவரங்களிலிருந்து அறிதல் இயலாது, அடுப்படியிலிருந்தும் களத்துமேட்டிலிருந்துமே அறிய இயலும் என்னும் ஆய்வுநெறியை அவர் இங்குதான் கற்றார்.

அறிவியலுக்கு ஓர் இலக்கணம்

1934 டிசம்பரில் அனைத்திந்தியக் கிராமத் தொழிற்சங்கம் வார்தாவில் தொடங்கப்பெற்றது. குமரப்பா அதன் செயலாளரானார். கைத்தொழில்களைப் பரிவோடு காப்பாற்றும் ஓர் அறச்சங்கம் என்று பலரும் இதனைக் கருதுவர். அதன் அறிவுரைக் குழுவில் இடம்பெற்றோரைக் காணின் அக்கருத்து மாறும். சர் சி. வி. இராமன், ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய அறிவியலறிஞர்களும் கவியரசர் தாகூரும் அதில் இருந்தனர். ஆகவே சங்கம் அறிவியலைப் புறக்கணித்தது என்பது பொருந்தாது. அறிவியலை ஊர்ப்புறத்துக்குக் கொணர்வதே அதன் நோக்கமாக இருந்தது.

அரிசியின் செய்தி இதற்கு நல்ல சான்று. நீலகிரியின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். கோதுமை, பால், காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு நீங்கிவிடும் உயிர்ச்சத்தின் இழப்பே பெரிபெரி நோய்க்குக் காரணம் என்பதும் அக்காலத்துக்குள் உறுதிப்பட்டிருந்தது. இவ்வறிவை வைத்துக்கொண்டு அரசு மருந்துக்கு வழி தேடியபோது, குமரப்பா ஆலையை நோக்கி வினா எழுப்பினார். சத்தை நீக்கும் பொறிக்குப் பணம் கொடுத்து, நீங்கிய சத்தை மருந்தாக மீண்டும் பணம் கொடுத்து வாங்குவதை முன்னேற்றம் என்று அழைத்தல் தகுமா? கைக்குத்தலரிசி அவருக்குப் பழமைப் பற்றின் அடையாளமன்று, ஆய்வகத்தின் முடிவு.

விளக்கும் இவ்வாறே. மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயில் எரியுமாறு வார்தாவில் ஒரு விளக்கு அமைக்கப்பெற்றது. மகன்லால் காந்தியின் நினைவாக அதற்கு மகன் தீபம் என்று பெயர். மண்ணெண்ணெய் வாங்கும் காசு கடல்கடந்த கம்பெனிக்குச் செல்கிறது. ஊர்ச்செக்கில் ஆட்டிய எண்ணெய்க்குக் கொடுக்கும் காசு உழவனிடமும் வாணியரிடமும் தங்குகிறது. இது பொருளியல் காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்றையும் அவர் கண்டார்.

குதிரில் உள்ள நெல் எடுக்க எடுக்கக் குறையும். வயலோ ஆண்டுதோறும் விளையும். நிலக்கரி, மண்ணெண்ணெய், கனிமங்கள் ஆகியன குதிர் போன்றவை. காடும் பயிரும் கால்நடையும் ஓடும் நீரும் வயல் போன்றவை. முன்னதைச் சார்ந்த வாழ்க்கையை இருப்புப் பொருளியல் என்றும், பின்னதைச் சார்ந்ததை ஓட்டப் பொருளியல் என்றும் அவர் பிரித்தார். குதிரை நம்பி வாழும் நாடு, அது குறையுந்தோறும் அடுத்தவர் குதிரைத் தேடிப் படையெடுக்கும். எனவே போரின் விதை எரிபொருளிலேயே இருக்கிறது என்பது அவர் முடிவு. இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஆற்றல் நெருக்கடி என்னும் சொல்லே உலகில் வழங்காத காலத்தில் எழுதப்பட்ட கருத்து இது.

பனைபற்றிய அவர் கருத்தும் இத்தகையதே. கரும்பு நன்செய் நிலத்தையும் நீரையும் கொள்கிறது. பனையோ பயிரேறாத தரிசில் தானே வளர்கிறது. ஆதலின் இனிப்புக்குப் பனைவெல்லத்தை நாடினால் நன்செய் உணவுத் தானியத்துக்கு மிஞ்சும். இரசாயன உரத்தை அவர் ஐயுற்றதும், உழவு மாட்டின் இடத்தில் டிராக்டர் புகுந்தால் சாண எருவுக்கு எங்கே போவது என்று வினவியதும் இக்கணக்கின் தொடர்ச்சியே. மனிதக் கழிவையும் முறையாக எருவாக்கினால் நிலமும் வளம் பெறும், அதனைச் சுமக்கும் இழிவும் நீங்கும் என்றார் அவர்.

இவற்றிலிருந்து அவர் வகுத்த இலக்கணம் தெளிவானது. இயற்கையின் சுழற்சியை அறிந்து அதனோடு இணங்கிச் செல்வது அறிவியல். அதனை அறுத்துச் சிலருக்கு மட்டும் பயன் தேடுவது அறிவியலின் பெயரால் நடக்கும் வாணிகம்.

சிறையில் பிறந்த இரு நூல்கள்

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தை ஒட்டிச் சிறைப்பட்ட குமரப்பா, சபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று ‘நிலைபேற்றுப் பொருளியல்’ என்று தமிழில் பெயர்க்கத்தக்க நூல். மற்றொன்று இயேசுவின் வாழ்வும் வாக்கும் பற்றியது. இரண்டும் 1945இல் வெளிவந்தன. முன்னதற்கு முன்னுரை வழங்கிய காந்தியடிகள், அதனை இரண்டு மூன்று முறையேனும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று குறித்தார். கிராமத் தொழில்களின் டாக்டர், இறையியலின் டாக்டர் என்னும் இரு பட்டங்களையும் குமரப்பாவுக்கு அவரே சூட்டினார். பல்கலைக்கழகம் எதுவும் வழங்காத இவ்விரு பட்டங்களும் ஒருவர் பெயரிலேயே நிற்பது கருதத்தக்கது. குமரப்பாவைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே பட்டமாகும்.

அவர் இயற்கையில் ஐவகைப் பொருளியலைக் கண்டார். பிற உயிரைப் பற்றி அதனை உறிஞ்சி அழிக்கும் ஒட்டுண்ணியின் வாழ்வு முதலாவது. மாந்தோப்பில் புகும் குரங்கைப்போல், உழைப்பின்றி எடுத்துக்கொள்வது இரண்டாவது. தேனீ பூவிடமிருந்து தேனைப் பெறும்போதே மகரந்தத்தைப் பரப்பி மரத்துக்கும் உதவுகிறது. இத்தகைய முயற்சி மூன்றாவது. அதே தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டுக்கென்று சேர்ப்பது நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டு ஐந்தாவது. மாந்தரின் வரலாறு முதற்படியிலிருந்து ஐந்தாம் படியை நோக்கி ஏறுவதாக இருத்தல் வேண்டும். போரும் பேரரசும் முதலிரு படிகளில் நிற்பவை. மேலேறும் அளவே பண்பாட்டின் அளவு. சேர்த்த பொருளின் அளவு அன்று.

இங்கே ஆன்மிகம் என்பது உலகைத் துறந்து செல்லும் வழியாக இல்லை. கடையில் பொருள் வாங்கும்போதும் அது உடனிருக்கிறது. அடிமை உழைப்பால் விளைந்த கொக்கோவை வாங்குபவர் அக்கொடுமையில் பங்குடையவர். திருட்டுப் பொருளை வாங்குபவர் திருட்டில் பங்கு கொள்வதைப் போன்றது அது. ஆகவே, வாங்குமுன் இப்பொருள் எங்கே, யாரால், எந்நிலையில் ஆக்கப்பட்டது என்று வினவுதல் ஒரு வழிபாட்டுக் கடமை என்பது அவர் கொள்கை. அக்கடமையைத் தொலைவில் விளையும் பொருள்களைப் பற்றி ஆற்ற இயலாது. எனவே அருகில் விளைவதை வாங்குக என்றார். சுதேசி என்னும் அரசியல் முழக்கம் இவ்விடத்தில் ஒழுக்கவியலாகிறது.

தமிழ்க் கிறித்தவராகிய இவர், பேரரசின் பக்கம் நின்ற திருச்சபைத் தலைவர்களோடு வெளிப்படையாக வாதிட்டார். இவர் தம்பி பாரதன் குமரப்பா இராமானுசரின் இறைக்கொள்கையை ஆராய்ந்து நூல் எழுதியவர். அவரும் வார்தாவுக்கு வந்து கிராமத் தொழிற்சங்கத்தில் பணியாற்றினார். இயேசுவின் மலைப்பொழிவும் இராமானுசரின் கருணையும் ஒரே ஆலமரத்தடியில் வெல்லம் காய்ச்சும் அடுப்பைச் சுற்றி வந்தமர்ந்த காட்சி, இந்திய மெய்யியல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஒன்று.

வடபுலத்தில் ஒரு குரல்

இச்சிந்தனை இந்திய நாட்டுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு, மிகத் தொலைவிலுள்ள சுவீடன் நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1940ஆம் ஆண்டு, ஐரோப்பாவைப் போர் சூழ்ந்தபோது, எலின் வேக்னர் என்னும் நாவலாசிரியரும் எலிசபெத் தாம் என்னும் நிலக்கிழாரும் இணைந்து ‘பூமியோடு அமைதி’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூலை வெளியிட்டனர். சுவீடன் நாடாளுமன்றத்துக்கு முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஐந்து பெண்களுள் எலிசபெத் தாம் ஒருவர். பெண்களுக்குக் குடிமைப் பயிற்சி அளிக்க அவருடைய ஃபோகல்ஸ்டாட் பண்ணையில் 1925 முதல் 1954 வரை ஒரு பள்ளி நடந்தது. எலின் வேக்னர் 1944இல் சுவீடன் அக்காதெமியின் உறுப்பினரானார். செல்மா லாகர்லாவுக்குப் பின் அப்பெருமை பெற்ற இரண்டாம் பெண்மணி அவர்.

மண் வாணிகப் பொருளன்று. அது வென்று அடக்கத்தக்க பகையுமன்று. மனிதர் மண்ணோடு செய்யும் போர் ஓயாதவரை மனிதர் தமக்குள் செய்யும் போரும் ஓயாது என்பது அந்நூலின் சாரம். அதே 1940இல், இந்தூரில் இந்திய உழவரின் எருமுறையை ஆராய்ந்து திரும்பிய ஆல்பர்ட் ஓவர்டு தம் வேளாண் நூலை இலண்டனில் வெளியிட்டார். அதே 1940இல்தான் மதுரைச் சீமையின் கல்லுப்பட்டியில் ஜி. வேங்கடாசலபதி காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தோற்றுவித்தார். குண்டுகள் பொழிந்த ஓராண்டில், மூன்று நிலங்களில், மண்ணைப் பற்றிய ஒரே கவலை எழுந்தமை தற்செயல் ஆகாது. பொறியாற்றல் தன் கொடிய முகத்தைக் காட்டிய காலத்தில், அறிவியலை எவ்வழிச் செலுத்துவது என்னும் வினா எங்கும் எழுந்தது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சுவீடனில் இக்குரல் பெண்களுடையது. அவர்களுள் ஒருவர் நாட்டின் தலைசிறந்த எழுத்தாளர். அதனால் அது அந்நாட்டு மொழியில், அந்நாட்டு இலக்கியத்தின் பகுதியாகவே ஒலித்தது. தமிழ்நாட்டிலோ அக்குரல் ஆங்கிலத்தில் ஒலித்தது. இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர்க் கூறப்படும்.

மதுரைச் சீமையின் களங்கள்

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949இல் வெளிவந்த அதன் அறிக்கை, இடைத்தரகர் முறையை ஒழித்து நிலத்தை உழுபவருக்கு உரிமையாக்கவும், ஒருவர் வைத்திருக்கத்தக்க நிலத்துக்கு உச்ச வரம்பு கட்டவும் பரிந்துரைத்தது. நாடு பேரணைகளையும் பேராலைகளையும் நோக்கித் திரும்பிய வேளை அது. 1938இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலிருந்தே கருத்து வேறுபாட்டால் விலகியவர் குமரப்பா. விடுதலை பெற்ற நாட்டின் தலைநகரில் தமக்கு இடமில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1950களில் உடல்நலமும் குன்றவே, கல்லுப்பட்டி காந்தி நிகேதனுக்கு வந்து ஒரு சிறு குடிலில் தங்கினார். அக்குடிலில் எளிய உழவர் ஒருவரின் படம் இருந்ததாகவும், வினவியோரிடம் அவரைத் தம் ஆசானாகிய காந்தியடிகளுக்கும் ஆசான் என்று குமரப்பா காட்டியதாகவும் கூறுவர்.

அவர் வந்து சேர்ந்த சீமை வெறும் நிலப்பரப்பாக இல்லை. அங்கே முன்னமே பலர் களம் அமைத்திருந்தனர். 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்த வரலாறு அச்சீமைக்கு உண்டு. அமெரிக்க மதுரை மிஷனின் பணியாளராக 1925இல் வந்த ரால்ப் ரிச்சர்டு கெய்தான், காந்தியடிகளின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டு சென்ற இரெஜினால்டு ரெனால்ட்சு என்னும் ஆங்கிலேயருக்கு விருந்தளித்த காரணத்தால் 1930இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். மீண்டும் வந்தார்; 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார்; விடுதலைக்குப் பின் மூன்றாம் முறையும் வந்து, ஊர்ப்புறத் தொண்டிலேயே வாழ்நாளைக் கழித்தார். சமயம் பரப்ப வந்தவர் ஏழைகளிடம் சமயத்தைக் கற்றுக்கொண்ட வரலாறு அவருடையது.

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, சின்னாளபட்டிக்கு அருகில், 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினர். தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகிய சௌந்தரம், இளமையிலேயே கைம்மை எய்தி, பின்னர் மருத்துவம் பயின்று, மறுமணமும் செய்துகொண்டவர். அவர் கையில் மருத்துவம் ஊர்ப்பெண்களின் மகப்பேற்றுக் கட்டிலிலிருந்து தொடங்கியது. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அவருடைய அரவணைப்பில் பயின்றவர்களுள் பட்டிவீரன்பட்டியில் நிலமற்ற தலித் குடும்பமொன்றில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாளும் ஒருவர். கெய்தானோடு இணைந்து பணியாற்றிய ஜெகந்நாதனை அவர் 1950இல் மணந்தார். 1956இல் வினோபா தமிழ்நாட்டில் நடைப்பயணம் மேற்கொண்டபோது பூதான, கிராமதானப் பணிகளில் இவர்கள் முன்னின்றனர். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டபின், இருவரும் கீழைத் தஞ்சைக்குச் சென்று உழவுத் தொழிலாளரிடையே தங்கினர். 1981இல் உழுவோர்க்கு நில விடுதலை இயக்கமாகிய லாஃப்டியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே நிலம் பெற்றுத் தந்தனர். கடற்கரை இறால் பண்ணைகளை எதிர்த்து ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் இடம்பெற்றது. உப்பேறிய வயலும் உவர்ப்பான கிணறும் அவ்வழக்கின் சான்றுகள். இயற்கையின் சுழற்சியை அறுக்கும் தொழில் ஏழையின் வயிற்றிலும் அடிக்கும் என்று குமரப்பா எழுதியது, அவர் பிறந்த தஞ்சை மண்ணிலேயே நீதிமன்ற வழக்காயிற்று.

குறைகளும் எதிர்ப்புகளும்

குமரப்பாவின் கொள்கையைப் புகழ்ந்து மட்டும் பேசுவது வரலாறாகாது. அவர் வாழ்ந்த காலத்திலேயே வலிமையான மாற்றுக் குரல்கள் ஒலித்தன. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிருணய சபையில் டாக்டர் அம்பேத்கர், இந்தியக் கிராமத்தைப் போற்றும் மனப்பாங்கைக் கடுமையாகச் சாடினார். கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் சாதிக் கொடுமையும் உறையும் இடம் என்பது அவர் பட்டறிவு. தந்தை பெரியார் 1940களில் ‘இனிவரும் உலகம்’ என்னும் கட்டுரையில், பொறிகள் மனிதரை உடலுழைப்பிலிருந்தும் இழிதொழிலிலிருந்தும் விடுவிக்கும் எதிர்காலத்தை வரவேற்றார். பறை அடிக்கவும் மலம் அள்ளவும் பிறப்பால் பணிக்கப்பட்டவருக்கு ஊர்த் தொழில்களின் மறுமலர்ச்சி விடுதலையாகத் தோன்றுமா என்னும் வினாவைப் புறந்தள்ள இயலாது. வருணத்தைத் தொழில்நோக்கின் படிநிலையாக விளக்க முயலும் இடங்கள் குமரப்பாவின் எழுத்தில் உண்டு. அவை இன்று ஏற்கத்தக்கன அல்ல.

பெண்ணின் பக்கமிருந்தும் ஒரு வினா உண்டு. கைக்குத்தலரிசி உடலுக்கு நன்று. குத்தும் கை யாருடையது? விடியுமுன் உலக்கை பிடித்த பெண்ணுக்கு அரிசி ஆலை வந்தது ஒரு விடுதலையே. வீட்டுக்கு வாங்கும் பொருளின் அறத்தைப் பெண்ணின் பொறுப்பில் விட்ட குமரப்பா, அப்பெண்ணின் இடுப்புவலியைக் கணக்கேட்டில் ஏற்றவில்லை. இக்குறையைச் சௌந்தரம் அம்மையாரின் மருத்துவப் பணியும், நிலத்தைப் பெண் பெயரில் எழுதிய கிருஷ்ணம்மாளின் பணியும் ஓரளவு நிறைவு செய்தன. ஆசான் விட்ட இடத்தை அடுத்த தலைமுறைப் பெண்கள் நிரப்பினர் என்பதே இவ்வரலாற்றின் உயிர்ப்பான பகுதி.

ஆயினும் எல்லாப் பொறிகளையும் குமரப்பா வெறுத்தார் என்பது பிழை. அடிப்படைப் பெருந்தொழில்கள் பொது உடைமையாக நடப்பதை அவர் ஏற்றார். கைக்கருவிகளைச் செம்மைப்படுத்தும் ஆய்வை ஊக்கினார். பொறியின் அளவும் உடைமையும் யாரிடம் உள்ளன என்பதே அவர் வினா. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொருளியலறிஞர் சூமாக்கர், 1973இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் பௌத்தப் பொருளியலை விளக்கும் இயலில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். அந்நூல் வழியே கல்லுப்பட்டிக் குடிலின் சிந்தனை உலகைச் சுற்றியது.

நிறைவுரை

1959 ஏப்ரல் 15ஆம் நாள், மதுரைத் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா மறைந்தார். காந்தியடிகளின் குருதி தோய்ந்த ஆடைக்கு மாநகரில் கண்ணாடிப் பேழை அமைத்த நாடு, அவ்வாடையின் பொருளியலை எழுதியவரைக் கல்லுப்பட்டியில் மறந்திருந்தது.

நாட்டை மட்டும் குறை கூறுவது போதாது. தமிழ் இலக்கிய உலகின் பங்கையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். குமரப்பாவின் பெருநூல்கள் ஆங்கிலத்தில் பிறந்தன. தமிழில் அவை பரவலாகப் படிக்கப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. அதே கரிசல் நிலத்தில், கி. ராஜநாராயணன் முதலிய படைப்பாளிகள் வற்றிய கிணற்றையும் விலைபோன மாட்டையும் ஊரைவிட்டுச் சென்ற உழவனையும் கதைகளாக எழுதினர். இழப்பின் துயரம் இலக்கியத்தில் இருந்தது. இழப்பின் காரணம் ஆங்கில நூலில் இருந்தது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படிக்கும் வாய்ப்பு வாசகருக்குக் கிட்டவில்லை. சுவீடனில் ஒரு நாவலாசிரியரே மண்ணின் பொருளியலை எழுதியதால் அங்கு இப்பிரிவு இவ்வளவு ஆழமாக விழவில்லை.

2008இல் ஜெகந்நாதனுக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் வாழ்வுரிமை விருது வழங்கப்பெற்றது. சூழலியலுக்கும் ஏழை நாடுகளின் அறிவுக்கும் நோபல் பரிசில் இடமில்லை என்று கண்டு, தம் அஞ்சல்தலைத் தொகுப்பை விற்று யாகோப் ஃபான் உக்ஸ்குல் என்பார் 1980இல் நிறுவிய விருது அது. மதுரைச் சீமையின் மாற்று அறிவை வடபுலம் இனங்கண்ட நாளில், தமிழ்க் கவிதையில் அதற்கு எத்துணை இடம் இருந்தது என்பது கவிஞர்கள் தமக்குள் வினவிக்கொள்ள வேண்டியது. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 2020இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

மதுரையைச் சூழ்ந்திருந்த கண்மாய்கள் பல இன்று கட்டடங்களின் அடியில் கிடக்கின்றன. அவற்றின் பெயர்களை மட்டும் பேருந்து நிறுத்தங்கள் சுமக்கின்றன. நெடுஞ்செழியனுக்கு நீர்நிலையின் பொருளியலை எடுத்துரைத்தவர் அமைச்சரல்லர், ஒரு புலவர். அன்று அது புலமையின் எல்லைக்கு உட்பட்ட செய்தியாக இருந்தது. மண்ணும் நீரும் உணவும் தம் பொருளல்ல என்று தமிழ்ப் புலமை எப்போது ஒதுங்கியதோ, அப்போதே குமரப்பா போன்றோர் தனித்து விடப்பட்டனர். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் எதிர்வரும் ஆண்டுகளுக்கென்று ஒரு கடமையைத் தேடுமாயின், குடபுலவியனார் நின்ற இடத்தில் மீண்டும் நிற்பது அதுவாகலாம். அவ்விடம் அரசவையில் மட்டும் இல்லை. கல்லுப்பட்டிச் சாலையோரத்துக் கரிசல் வயலிலும் இருக்கிறது.